நெஞ்சுல கட்டியிருக்குதுங்க

எண்பதுகளின் நடுவில், சேலத்துக்கு மேலே மலையில், தலைச்சோலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் கணக்கெழுதும் ரைட்டர். வாரம் ஒருநாள் எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் கம்பவுண்டர் வந்து உட்காருவார். மருந்துக்கு நாம்தான் பாட்டில் கொண்டுபோக வேண்டும்.

ஒருநாள் குளிக்கும்போது இடது மாரில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலியில்லை. பாட்டிலோடு போய் நின்றேன். வரிசையில் முன்னும் பின்னும் ஆண்கள். மார் என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை. "நெஞ்சுல கட்டியிருக்குதுங்க" என்றேன்.

"மலைக்குளிருக்குச் சளி கட்டத்தானுங்க செய்யும்" என்று பாட்டில் நிறையச் சிவப்பு மிக்சரை ஊற்றிக் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. நான் சொன்னதற்கு அதுதான் மருந்து. சளி இல்லை என்று தெரிந்தே ஆறு மாதம் அதைக் குடித்தேன். படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

கட்டி எலுமிச்சங்காய் அளவு ஆன பிறகுதான் வீட்டுக்காரரிடம் வாய் திறந்தேன். சேலத்தில் டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தன நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். இருமல் மருந்து குடித்தேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள்.

மலைக்குத் திரும்பினேன். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்களோ என்னவோ. வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான். சோறாக்கினார், தண்ணீர் சுமந்தார். ஆனால் நான் சேலை மாற்றும்போது எழுந்து வெளியே போய்விடுவார். ஏன் என்று கேட்க எனக்கு ரோஷம். ரவிக்கையின் இடப்பக்கம் பழைய துணியைச் சுருட்டித் திணித்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

பிறகு ஒருநாள் காய்ச்சல் மாத்திரைக்காக அதே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் காப்பிப் பழம் பறிக்கும் ஒருத்தி, சின்ன வயது, பாட்டிலை நீட்டி மெதுவாகச் சொன்னாள்: "நெஞ்சுல கட்டியிருக்குதுங்க."

அவளுக்கு இருமலே இல்லை. ஒரு கை மாராப்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"சளியா, மாருல கட்டியா?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"சளிதானுங்கம்மா" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அவளை ஆபீஸுக்குப் பின்னால் இழுத்துப்போனேன். ரவிக்கைக்குள் இருந்த துணியை உருவிவிட்டு, அவள் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். "நானும் சளின்னுதான் சொன்னேன், கண்ணு."

அவள் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. தழும்பு முழுக்கத் தடவிப் பார்த்தாள்.

"நொம்ப வலிச்சுதுங்களா?" என்றாள்.

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் சேலத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். சரியென்று தலையாட்டினாள். அவள் கை இன்னும் அங்கேயே இருந்தது. டாக்டரம்மாவுக்குப் பிறகு அந்த இடத்தைத் தொட்ட முதல் கை அது. கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று அப்படியே நின்று அழுதேன்.