என் போனுக்கு வந்த அடுத்தவர் ரிப்போர்ட்

இன்று காலை என் போனுக்கு ஒரு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தது. என்னுடையது அல்ல.

அம்பாசமுத்திரத்தில் என் கடைக்குப் புண்ணாக்கு வாங்க வரும் ஒருவருடைய மனைவியின் ரிப்போர்ட். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ஆஸ்பத்திரியில் என் எண்ணைக் கொடுத்திருந்தார். அவர்கள் ஊர், பேர் கேட்காதீர்கள்.

திறந்து பார்த்தேன். பாதிதான் புரிந்தது. ஏஐயிடம் கேட்டேன். மார்பில் இருக்கும் கட்டி புற்றுநோய்தான் என்று நல்ல தமிழில், பொறுமையாக விளக்கியது. இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டேன். அதற்கும் ஐந்து வழி சொன்னது. ஒன்றுகூட என் கடை வாசலுக்கு ஒத்துவராது.

மதியம் இருவரும் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, ரிசல்ட் வந்துட்டா?"

"வந்துருக்கு. எல்லாம் இங்கிலீஷ்ல கெடக்கு. டாக்டர்தான் சொல்லணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "பேங்க் நோட்டீசுக்கே வரி வரியா அர்த்தம் சொல்லுவிய. இது மட்டும் தெரியலையாக்கும்?"

விலை பேசியே பிழைத்த வாய் எனக்கு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தராசைத் துடைத்தேன்.

அந்த அம்மாதான் அவர் கையைப் பிடித்தார். "விடுங்க. நல்லதா இருந்தா, நாம பஸ்ஸ விட்டு எறங்கும்போதே அண்ணாச்சி கத்திச் சொல்லிருப்பாவ."

பிறகு என்னைப் பார்த்து, "டாக்டர்ட்ட போகும்போது நீங்களும் கூட வாரியளா?" என்றார்.

இந்த இடத்தில் என்ன பேசுவது என்று தெரிந்த ஆப் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், ஏற்றிக்கொள்கிறேன்.

பேசி முடித்தது இதுதான்: வியாழக்கிழமை கடையை அடைத்துவிட்டு நானும் அவர்களோடு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அதுவரை அவர்கள் கேட்கமாட்டார்கள், நான் சொல்லமாட்டேன்.