ஜோடியாக வந்த தகடு

இடது மார்பை எடுத்த பிறகு டாக்டர் சொன்னார்: "உங்களுக்கு வந்திருக்கிற புற்றுநோய் கட்டியாத் திரளாது. சதைக்குள்ளேயே பரவும், கைக்கு அகப்படாது. வலது பக்கமும் வரலாம். மாசாமாசம் வந்து காட்டுங்க." ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசி அது. கைக்கு அகப்படாதது அவர் கைக்கு மட்டும் எப்படி அகப்படும் என்று வீடு வரும் வழியெல்லாம் யோசித்தேன். தினமும் குளிக்கும்போது வலது மார்பை அழுத்திப் பார்ப்பேன். ஒன்றும் தட்டுப்படாத நாளில்தான் அதிகம் பயந்தேன். ஹார்பரில் கிரேன் ஓட்டும் என் புருஷன் வேலைக்குக் கிளம்புமுன் கண்ணாலேயே கேட்பார். நானும் தலையை மட்டும் ஆட்டுவேன்.

ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் வாசலில் கண், கை, கால் என்று தகட்டில் அச்சடித்து விற்பார்கள். எந்த உறுப்பில் நோயோ அதை வாங்கி மாதா காலடியில் வைத்து வேண்டிக்கொள்வது எங்கள் ஜனங்களின் வழக்கம். மாமியார் போய் இதயம் வாங்கிவந்தார். கடைக்காரனிடம் மார் என்று சொல்ல வெட்கமாம்.

"என் இதயத்துக்கு இன்னா கேடு?" என்று எரிந்து விழுந்தேன்.

"பக்கத்துலதானே கீது. மாதாவுக்குத் தெரியாதாம்மே?"

இந்த ஞானத்துக்கு மேல் என்ன பேசுவது! மறுநாள் மாமியாரையும் இழுத்துக்கொண்டு நானே போய், "மார் குடுப்பா" என்றேன். கடைக்காரன் தலை நிமிராமல் எடுத்துப் போட்டான். ஒரே தகட்டில் இரண்டு. ஜோடியாகத்தான் வருமாம்.

இல்லாத ஒன்றுக்கு என்னவென்று வேண்டுவது? கத்தரி கேட்டு வாங்கி நடுவில் வெட்டினேன். கத்தரி வழுக்கி வலதின் ஓரம் கோணலாகிவிட்டது. அதை நகத்தால் நீவி நேராக்கப் பார்த்தேன். இடதைக் கடைக்காரனிடமே விட்டுவிட்டேன்.

உள்ளே போய் வலதை மாதா காலடியில் வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"இன்னாம்மே, வெளையாடிக்கினு கீற?"

"வெச்சா, குடுத்த மாதிரி ஆயிடாதா அத்தை? மாதா எடுத்துக்கினா?"

எதற்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருக்கும் மாமியார், தகட்டோடு சேர்த்து என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஹார்பரில் மத்தியானச் சங்கு ஊதியது. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி முணுமுணுத்தார்கள். வைக்கவும் பயம், எடுத்துக்கொண்டு வரவும் பயம். இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.