முருகப்பன் பந்தியில் ஒரு பிளஸ் டூ இலை

காரைக்குடி வட்டாரத்தில் ஒரு கல்யாணம் நடப்பதற்கு மாப்பிள்ளை, பெண், தாலி எல்லாம் தேவைதான். ஆனால் அது நல்லபடியாக நடந்தது என்று ஊர் ஒத்துக்கொள்வதற்கு இன்னொன்றும் வேண்டும். பந்தியில் முருகப்பன் நின்றிருக்க வேண்டும்.

முருகப்பனுக்குச் சோறு போடுவது செக்காலை ரோட்டுப் பாத்திரக்கடை. பேர் வாங்கிக் கொடுத்தது பந்தி விசாரிப்பு. சொந்தபந்தங்களில் எந்த விசேஷமானாலும், இலை விழுந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையின் தலைமாட்டில் வந்து நிற்பார். பிறகு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒரே நடை. "அண்ணே, வெண்டைக்காய் மண்டி இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லவா?" "ஆச்சி, அப்பளம் நமுத்துப் போச்சா? வேற கொண்டாரச் சொல்றேன்." இலையில் ஓரிடம் காலியாவது சாப்பிடுகிறவருக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

போதும் என்று இலையை இரண்டு கையாலும் மறைப்பவர்களும் உண்டு. கற்றுக்குட்டிகள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். முருகப்பன் நிற்பார். "மக பேறுகாலத்துக்கு வந்திருக்காளாமே?" என்று அன்பாகக் கேட்பார். பதில் சொல்லக் கை மேலே போகும். இலையில் இன்னொரு கரண்டி இனிப்புக் கவுனி அரிசி விழும்.

இந்தக் கலைக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் கடுமையானவை. 'போதும்' என்பவர் கூச்சப்படுகிறார், அவ்வளவுதான். விசாரிப்பவன் உட்காரவே கூடாது. பாதி இலையில் ஒருவர் எழுந்து போனால் அது அந்த வீட்டுக்கே தலைக்குனிவு. அவர் நின்ற பந்தியில் அப்படி ஒருவரும் எழுந்ததில்லை. எழ முடிந்ததில்லை என்றும் சிலர் சொல்வார்கள்.

இப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் சாலா பிளஸ் டூவுக்கு வந்தாள்.

தை பிறந்ததும் முருகப்பன் ஓர் அறிவிப்புச் செய்தார். பரீட்சை முடியும் வரை எந்தக் கல்யாணத்துக்கும் வர இயலாது. மகளைக் கவனிக்க வேண்டும். ஊர் ஆடிப்போயிற்று. அமராவதிபுதூரில் ஒரு கல்யாணத்தில் சாம்பாருக்கு முன்பே ரசம் வந்துவிட்டதாகவும், பெண் வீட்டார் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் செய்தி வந்தது. முருகப்பன் பெருமூச்சு விட்டார். ஆனால் அசையவில்லை. கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாலாவின் மேஜைக்குப் பின்னால் போய் நின்றார்.

"ஆத்தா, என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் அப்பச்சி."

தகப்பனை அப்பச்சி என்று அழைக்கும் வீடு அது. மகள் சொன்ன 'வேணாம்' அவர் காதில் கூச்சமாகவே விழுந்தது. ஊறவைத்த வாதுமை வந்தது. சிறிது நேரத்தில் பேனா. பிறகு இளநீர். காற்றாடியைக் கூட்டவா என்று ஒரு தடவை, குறைக்கவா என்று மறு தடவை. பிளஸ் டூ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அக்ரூட் பருப்பு மூளை மாதிரியே இருப்பதால் மூளைக்கு நல்லது என்று போட்டிருந்தார்கள். அன்று முதல் அதுவும் தட்டில் சேர்ந்தது.

ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் புத்தகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். வேறு எந்தத் தகப்பனும் விலகிப் போயிருப்பான். முருகப்பன் அந்தக் கைகளை எத்தனை பந்தியில் பார்த்திருக்கிறார்!

"ஒங்க கிளாஸ் டீச்சருக்கு இப்ப உடம்பு தேவலையாமா?" என்று அன்பாகக் கேட்டார்.

"தேவலை அப்பச்சி" என்று சாலா கையை எடுத்தாள். புத்தகத்தின் மேல் அப்போதுதான் பொரித்தெடுத்த சீயம் வந்து உட்கார்ந்தது. எண்ணெய் வேதியியலில் இரண்டு பக்கம் ஊறிற்று.

அவர் மனைவி மெய்யம்மை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அவ படிக்கிறாளா, பந்தியில உக்காந்திருக்காளா?"

"ஒனக்கு என்ன தெரியும்? கேட்டுக் கேட்டுக் கவனிச்சாத்தான் மனசு நெறையும்."

"வயிறு நெறஞ்சிருச்சு. மனசுக்கு இடமில்லை, பாவம்."

திருப்புதல் தேர்வு வந்தது. சாலாவின் வேதியியல் மதிப்பெண், பாஸ் மார்க்கை எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டது. வகுப்பாசிரியை அகிலாண்டேஸ்வரி போனில் கூப்பிட்டார். "நல்லாப் படிக்கிற புள்ளை சார். வீட்ல ஏதும் தொந்தரவா?"

"தொந்தரவா? எங்க வீட்லயா?" முருகப்பன் திகைத்துப் போனார். "ஒரு கொறை வைக்கிறதில்லை டீச்சர். கேட்டுக்கிட்டேதான் இருக்கோம்."

குறை எங்கே என்று யோசித்தார். விசாரிப்புப் போதவில்லை என்ற முடிவுக்கு வந்தார். மறுநாள் முதல் நடையைக் கூட்டினார்.

படிப்பு விடுமுறை தொடங்குவதற்கு முந்தின மதியம் சாலா ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கே ஆத்தா?"

"நெற்குப்பைக்கு. அயித்தை வீட்டுல இருந்து படிக்கிறேன். பரீட்சைக்கு அங்கிருந்தே பஸ்ல வந்துக்கிறேன்."

நெற்குப்பையில் முருகப்பனின் தங்கை நீலாயதாட்சி இருந்தாள். ஒரு கோடியில் கூப்பிட்டால் மறுகோடியில் கேட்காத பெரிய வீடு. போதாததற்கு நீலாயதாட்சிக்கு யாரையும் எதுவும் கேட்கும் வழக்கமே இல்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

"அவ ஒரு வாய்த் தண்ணிகூட வேணுமான்னு கேக்க மாட்டாளே!"

"அதுக்குத்தான் போறேன்."

முருகப்பன் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். "மெய்யம்மை, பாதி இலையில எந்திரிச்சுப் போறேங்கிறா!"

"பின்னே? நீங்க சாப்பிட விட்டாத்தானே உக்காந்திருப்பா" என்றாள் மெய்யம்மை.

அவர் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் சாலாவின் கை பையின் வாரிலேயே நின்றது. கோபமாகத்தான் ஆரம்பித்தாள். "ஒவ்வொரு தடவையும் என்ன வேணும், என்ன வேணும்னு கேக்குறீக. எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலை. புத்தகத்தைத் தொறந்தா, படிச்சது மறந்துருமோன்னு பயமா இருக்கு. நீங்க பின்னாடி நின்னா, நான் ஏதோ முடிக்கணும், நீங்க அதை எடுத்துட்டு அடுத்ததை வைக்கணும்னு காத்திருக்க மாதிரி இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "நிக்காதீக அப்பச்சி. உக்காருங்க. ஒண்ணும் கேக்காம சும்மா பக்கத்துல உக்காருங்க. முடியும்னா இங்கயே இருக்கேன்."

"விசாரிக்கிறவன் உக்காரக் கூடாதே ஆத்தா..."

சாலா பையின் வாரைத் தூக்கினாள்.

முருகப்பன் உட்கார்ந்தார்.

பந்திகளின் சரித்திரத்தில் இது சிறிய நிகழ்ச்சி அல்ல. மேஜைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இடுப்புத் துண்டு அவிழ்ந்து தோளுக்குப் போனது. சாலா வேதியியலைத் திறந்தாள். முருகப்பன் கையைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அவளுடைய தண்ணீர் பாட்டில் முக்கால்வாசி காலி. அவர் நெற்றியில் வேர்த்தது. அவள் ரப்பரைத் தேடினாள். ரப்பர் அவர் பக்கம் இருந்தது. அவருக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளே கண்டெடுத்தாள்.

"ஆத்..." என்று ஒரு தடவை வந்துவிட்டது.

சாலா தலையைத் தூக்காமல் ஒரு கையால் பக்கத்தை மூடினாள். அந்தக் கையை எப்படி எடுக்க வைப்பது என்று முருகப்பனுக்கு ஏழெட்டு வழி தெரியும். ஒன்றையும் அவர் செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்துக் கை தானாக விலகியது.

உழைத்தே பழகிய உடம்பு. சும்மா உட்கார்ந்தால் அதற்கு வேறு வேலை தெரியாது. கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்தது. பிறகு குறட்டை. பித்தளை அண்டாவைத் தரையில் இழுப்பது போன்ற, கடைக்காரருக்கே உரிய குறட்டை.

மெய்யம்மை ஓடிவந்தாள். "இதுக்கு அதுவே தேவலையே! ஏங்க..."

"எழுப்பாதீகம்மா" என்றாள் சாலா. "இது ஒரே சீரா இருக்கு. பயம் தெரியலை."

அந்தப் பக்கத்தை முடித்து அடுத்ததைப் புரட்டினாள். சாயங்காலம் பையிலிருந்த துணிகள் அலமாரிக்குத் திரும்பின. நெற்குப்பையிலிருந்து நீலாயதாட்சி கூப்பிட்டு, "வாரியா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். "வரலை அயித்தை" என்றதும் வைத்துவிட்டாள். படிப்பு விடுமுறை முழுக்கத் தினமும் மதியம் அந்த நாற்காலி நிறைந்தது. முருகப்பன் தம் கடமையை ஆழ்ந்து செய்தார்.

வேதியியல் பரீட்சை முடிந்த அன்று பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். வெளியே வந்த ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு வட்டம் மறித்தது. ஒரு மார்க் எப்படி, அஞ்சு மார்க் எப்படி, அதை எழுதினியா, இதை விட்டுட்டியா. முருகப்பன் ஸ்கூட்டரைப் பிடித்தபடி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். சாலா வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா எழுதிருக்கேன். சரி, இப்பக் கேளுங்க. ஒரே ஒரு தடவை."

"என்ன வேணும் ஆத்தா?"

"பசிக்குது."

பக்கத்து ஓட்டலுக்குப் போனார்கள். இரண்டு இலை விழுந்தது. மகளோடு ஒரே வரிசையில் அவரும் உட்கார்ந்தார். அவள் நாலு வாய் சாப்பிட்டிருப்பாள். பரிமாறுகிற பையன் வந்து நின்று, "வேற என்ன சார் வேணும்? பாப்பாவுக்குப் பொரியல் வைக்கவா? கூட்டு?" என்று ஆரம்பித்தான்.

முருகப்பன் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்குட்டுப் போப்பா. புள்ளையைச் சாப்பிட விடு."