அடியில் முனகிய சத்தம்

என் அத்தான் பகலில் மெத்தை விற்பவர். மாலையானால் கம்ப்யூட்டரில் பேஸ் செய்பவர். நடன இசையில் நெஞ்சுக்கூட்டை இடிக்குமே, அந்த அடிச்சத்தம். ஏதாவதொரு சத்தத்தை மென்பொருளுக்குள் போட்டு, சுருதியை இறக்கி, மேலே கீச்சிடுவதை வடிகட்டி விற்பார். ஒருமுறை என் குறட்டையைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து அப்படி ஆக்கினார். யார் யாரோ அதற்கு ஆடினார்கள். எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை, மனுஷன்.

அக்கா பயந்த சுபாவம் இல்லை. திருடனையே துடைப்பத்தோடு துரத்தியவள். அப்படிப்பட்டவள் திடீரென்று சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காய் நறுக்க ஆரம்பித்தாள்.

"பின்னாடி யாரோ நிக்கிறாங்கடா. திரும்பினா இல்ல," என்றாள்.

கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். இனி அங்கே கால் வைக்க மாட்டேன் என்றாள். அத்தானுக்கு அவளை விட்டால் நாதி கிடையாது. வாசலில் வந்து நின்றவருக்கு நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து போன் செய்தார்.

"பேயப் புடிச்சிட்டேன் மச்சான். அக்காவக் கூட்டிட்டு வா."

போனோம். அவர் புதிதாகச் செய்த பேஸின் சுருதி காதுக்கு எட்டாத அளவு கீழே இருந்ததாம். கேட்காததால் நிறுத்த மறந்திருக்கிறார். மேஜைக்கடியில் இருந்த பெரிய ஸ்பீக்கர் நாளெல்லாம் வீட்டை அதிரவைத்திருக்கிறது.

"காதுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும்," என்று சத்தத்தை ஏற்றினார்.

ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் பிடரி மயிர் சிலிர்த்தது. பின்னால் யாரோ நிற்கிறார்கள், சத்தியமாக. இறக்கினார். யாரும் இல்லை.

அக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. அத்தானைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. பையைக் கீழே வைத்தவள் சும்மாதான் கேட்டாள்.

"இத எதுலருந்து செஞ்சீங்க?"

"நம்ம கிச்சன்லருந்துதான். ஆளில்லாதப்ப வெறும் அமைதியப் பதிவு பண்ணேன். பிரிட்ஜக்கூட நிறுத்திட்டேன். வால்யூம ஏத்திக்கிட்டே போனா, அடியில ஏதோ லேசா முனகுது. அதத்தான் எடுத்து..."

சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியை விட்டு எழாத மனுஷன், செருப்புகூடப் போடாமல் அவள் பின்னால் வந்தார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க எங்களில் ஒருவரும் உள்ளே போகவில்லை.