வெறும் தொட்டில்

அந்த ஐப்பசி வாரம் முழுவதும் மழை. பகலிலேயே பனிமூட்டம் வீட்டுக்குள் வந்துவிடும். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் கணவர் காலையில் ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்குப் போனதும், கைக்குழந்தையை உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். ஹட்டன் டவுனிலிருந்து இரவலாக வந்த நாவல். பூட்டிய அறையில் யாரோ நடமாடும் கதை. பிள்ளை பெற்றவள் இதைப் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே படித்தேன்.

ஒருநாள் சோறு பொங்கவே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, மீண்டும் தொட்டில் கயிற்றைப் பிடித்தேன். துணியை விலக்கினால் விழித்துவிடுவானோ என்று உள்ளே பார்க்கவில்லை. தொட்டில் நல்ல கனத்தோடுதான் ஆடியது.

அப்போது, தொழிலாளர் லயத்திலிருந்து வீட்டு உதவிக்கு வரும் பெண் இடுப்பில் என் மகனோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்கம்மா, வெறுந் தொட்டில ஆட்டிக்கிட்டு இருக்கீங்க? புள்ளைக்கு வயித்த வலிக்குமுங்க! சிணுங்குனான்னு அப்பவே நான் தூக்கிட்டுப் போயிட்டேனே. புஸ்தகத்த எடுத்தா ஒங்களுக்கு ஒலகமே தெரியாது!"

துணியை விலக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை.

ஈரத்தில் சேலை கனத்திருக்கும் என்றார் கணவர். இருக்கலாம். படித்தவள் நான், நம்பத்தான் பார்த்தேன். ஆனாலும் அன்றே தொட்டிலை அவிழ்த்தேன். புத்தகத்தைப் பாதியில் திருப்பி அனுப்பினேன்.

மகனுக்கு வயிற்று வலி வரவில்லை. மறுநாள் காலை என் மடியில் கிடந்தபடி வெறும் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் மெல்ல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தன. முகத்தை என் பக்கம் திருப்பி, மார்போடு அணைத்துக்கொண்டேன்.