மேஸ்திரிக்கு நான் போட்ட மைனஸ் முப்பது

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறிக்கொட்டகை மேஸ்திரி, சாவிக்கொத்தை என் மேசைமேல் சத்தமில்லாமல் வைத்த அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. இருபது வருடம் அவர் இடுப்பில் கிடந்த கொத்து.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இராஜபாளையத்தில் ஒற்றைத் தறியோடு தொடங்கி, காயத்துக்குக் கட்டும் துணி நெய்தே இரண்டு ஊரில் கொட்டகை போட்டவன். எழுபது வயதில் கம்ப்யூட்டரில் எக்செல் கணக்கையும் நானே கற்றேன். பட்டதாரிகளுக்கே பாடம் எடுப்பேன் என்று சொல்லித் திரிந்தேன். அந்த வாரக் கணக்குத் தாளும் நான் போட்டதுதான். பழைய தறிகளில் முந்தைய வாரம் பத்துக் கட்டுத் துணி, இந்த வாரம் இரண்டு; எண்பது சதம் இறக்கம். புதுத் தறிகளில் நூறு கட்டு, நூற்றிருபது ஆகியிருந்தது. இருபது சதம் ஏற்றம். அந்த இரண்டு சதவீதங்களுக்கும் சராசரி போட்டேன். மைனஸ் முப்பது என்று சிவப்பில் வந்தது.

"முப்பது சதம் விழுந்திருக்கு. எல்லாரும் தூங்குனீங்களாய்யா?" என்று அந்தக் கொட்டகை மேசையில் உட்கார்ந்தபடி, ஆட்கள் முன்னாலேயே கேட்டேன்.

"பழைய தறி ஆளைப் புதுசுக்கு மாத்துனேன் மொதலாளி. மொத்தத்துல கூடத்தான் செஞ்சிருக்கு. செத்த நேரம் வந்து கட்டை எண்ணிப் பாருங்க" என்றார் மேஸ்திரி.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாக்கும்?"

பின்னால் நின்ற தறிக்காரப் பெண் ஒருத்தி, "அப்ப அதையே நெய்யச் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். அப்போதுதான் சாவியை வைத்தார்.

இரண்டு நாள் கழித்து, வழக்கம்போல நூற்றுப்பத்துக் கட்டுக்குப் பிடித்த வண்டியில் சரக்கு அடங்கவில்லை. "பன்னெண்டு கட்டு மிஞ்சுது மொதலாளி, எங்க ஏத்த?" என்றான் சுமை ஏற்றுகிறவன். அந்தத் தாளை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். பத்துக் கட்டின் சரிவையும் நூறு கட்டின் ஏற்றத்தையும் ஒரே எடைக்கல்லாக வைத்து நிறுத்தவன் நான். இரு வகைத் தறிக்கும் சேர்த்து முந்தைய வாரச் சராசரி ஐம்பத்தைந்து கட்டு, இந்த வாரம் அறுபத்தொன்று என்று ஒப்பிட்டிருந்தால் ஏற்றம் கண்ணில் பட்டிருக்கும்.

செட்டியார்பட்டிக்கு, மேஸ்திரி வீட்டுக்கே போனேன். டீ கொடுத்தார். வரமாட்டேன் என்றார்.

"தப்பு எல்லாருக்கும் வரும் மொதலாளி. எண்ணிப் பாருங்கன்னு கெஞ்சுனேன். எந்திரிக்கவே இல்லையே நீங்க."

வாசல்வரை வந்தவர், "புதுத் தறிக்கு நான் மாத்துன ஆளு பத்தாது, இன்னொருத்தனப் போடுங்க" என்றார்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்றாவது மேஸ்திரி. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப்போய்க் கட்டுகளை நானே எண்ணுகிறேன். முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பாதியில் உட்கார்ந்துவிட்டால், விட்ட எண் மறந்துபோகிறது; மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன்.