ஐந்து கோட்டைகளும் ஒரு வாங்கும்

சுற்றுலா வழிகாட்டி என்றால் சரித்திரம் தெரிந்தவர் என்று உலகம் நினைக்கிறது; உண்மையில் அடுத்த வாஷ்ரூம் எத்தனை நிமிடத்தில் வரும் என்று தெரிந்தவர்தான் வழிகாட்டி. சொந்தக்காரரை ஒரு வான் வண்டியில் ஏற்றி நயாகரா போய் வந்த எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் பட்டவர்கள், நானும் பட்டவள். நீங்கள் ஒரு தடவையோடு கும்பிடு போட்டுவிட்டீர்கள், நான் அதையே தொழிலாக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மொன்றியலில் ஒரு சின்னப் பயண முகவர் கந்தோரில் எனக்கு வேலை. லண்டன், பாரிஸ், லூர்து என்று நம் ஆட்களைக் குழுவாகக் கூட்டிப்போய்க் கூட்டிவருவேன். லண்டன் என்றால் லண்டன் கடைத்தெரு என்று பொருள். சேலைக் கடை வாசலில் நின்று நின்று எனக்கு அலுத்துப்போனது. ஒரு கோடையில் நான் மட்டும் தனியாக வேல்ஸுக்குப் போனேன். பச்சை மேடு, செம்மறிகள், விட்டுவிட்டு மழை, நடுவில் கூரையில்லாத பெரிய கோட்டை. பார்த்த அன்றைக்கே, நம் ஆட்களை இங்கே கொண்டுவராமல் விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

முதலாளிக்கு மனமில்லை. ஆறு மாதம் நச்சரித்த பிறகு ஒரேயொரு தடவை போய்ப் பார்க்கச் சொன்னார். போகிறவர்களில் ஒருத்தர் திரும்பி வந்து வீண் என்று சொன்னாலும் வேல்ஸைக் கைவிட்டுவிட்டு நான் சேலைக் கடை வாசலுக்கே போக வேண்டும் என்பது நிபந்தனை. சரி என்றேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்போது வெறும் பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"கோட்டைக்குப் பயந்துதானே, பிள்ளை, சனம் இஞ்ச ஓடி வந்தது. திருப்பியும் கோட்டை காட்டவே கூட்டிக்கொண்டு போகப் போறீர்?"

நோட்டீஸ்

நான் நாலு வயதில் கனடா வந்தவள். யாழ்ப்பாணக் கோட்டையைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். அழகான படம். அதனால் நோட்டீசின் தலைப்பில், "நம் யாழ்ப்பாணக் கோட்டையை நினைவூட்டும் ஐந்து வேல்ஸ் கோட்டைகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டேன். ஊர் ஞாபகத்தில் சனம் அள்ளுப்பட்டு வரும் என்று எனக்குள் பெரிய நினைப்பு. கோயில் பலகையிலும், பங்கு மண்டபத்திலும், தமிழ்ச் சாமான் விற்கிற எல்லாத் தெப்பனர் மூலைக்கடைகளிலும் ஒட்டினேன்.

இரண்டு கிழமைக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பிறகு மொன்றியலின் லாசால் பகுதியில் இருந்து ரெஜினா அக்கா போன் எடுத்தார். எங்கள் கந்தோரில் எண்பது வயதானாலும் அக்கா, அண்ணைதான். அவருடைய கணவர் சூசை அண்ணை, பெட்டி செய்யும் தொழிற்சாலையில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இருவரும் யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆட்கள். அண்ணைக்குக் கோட்டை பார்க்க விருப்பமா என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"ரெண்டு பேர் எண்டு எழுதும். அவர் வருவார். அவருக்கு நான் இன்னும் சொல்லேல்லை."

மாமி வீட்டுத் தேத்தண்ணி

எப்படியோ பதினாறு பேர் சேர்ந்தார்கள். லண்டன் விமான நிலையத்தில் இறங்கிப் பஸ் ஏறினால், நேரே வேல்ஸ், மூன்று மணிக்கு முதல் கோட்டை. இது என் திட்டம். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்து வந்த பரமேஸ்வரி அக்காவின் திட்டம் வேறு. போகிற வழியில் ரெடிங்கில் அவருடைய மாமி இருக்கிறார், வாசலில் நின்று ஒரு வாய் தேத்தண்ணி மட்டும் என்றார். நானும் நம்பினேன். உங்களில் எத்தனை பேர் இப்படி நம்பியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மாமி முதல் நாளே ஆடு வாங்கிச் சமைத்து வைத்திருந்தார். பதினாறு பேருக்கும் இடியப்பம், கறி, சொதி, அதற்குப் பிறகு பாயசம். சாரதி காரெத், அறுபது தாண்டிய வேல்ஸ்காரர், மூன்றாம் தரம் சொதி வாங்கினார். கார்ஃபிலி கோட்டைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசல் பூட்டி அரை மணி நேரம். அகழிக்கு வெளியே நின்று எல்லோரும் ஒரு படம் எடுத்தோம். இனி உறவினர் வீடு என்ற பேச்சே பஸ்ஸுக்குள் வரக்கூடாது என்று ஒலிவாங்கியைப் பிடித்து உத்தரவு போட்டேன். பரமேஸ்வரி அக்கா அசையவில்லை.

"கோட்டை எழுநூறு வரியமா நிக்குது, நாளைக்கும் நிக்கும். என்ர மாமி அப்பிடியே?"

காவல்

மறுநாள் காலை கோட்டை திறந்ததும் முதல் ஆட்களாக நாங்கள்தான். எண்ணிப் பார்த்தால் பதினைந்து தலை. சூசை அண்ணை வெளியே, புல்லில் கிடந்த நீள மர இருக்கையில், அந்த வாங்கில், கோட்டைக்கு முதுகு காட்டி இருந்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைகளுக்குக் காவல் இருப்பதாகச் சொன்னார். வயதான மனிதர், கால் நோவாக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை. ஒருத்தர் வீண் என்றாலும் என் கதை முடிந்தது, அந்த ஒருத்தர் வாசலிலேயே இருக்கிறார்.

ஹார்லெக்கில் ஆயத்தமாகப் போனேன். பைகள் எல்லாவற்றையும் பஸ்ஸில் வைத்துப் பூட்டினேன். அந்தக் கோட்டை பாறை உச்சியில் இருக்கிறது, உள்ளே போவதற்கு நீளமான பாலம் போட்டிருக்கிறார்கள். கால் நோகாது, நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றேன். அண்ணை என்னை விட விறுவிறென்று நடந்து பாலத்தடி வரை வந்து, அங்கே இருந்த வாங்கைக் கண்டதும் இருந்துவிட்டார். பை ஒன்றும் இல்லையே, எதற்குக் காவல் என்று கேட்டேன்.

"பஸ் நிக்குதெல்லோ, பிள்ளை. அதுக்கு."

வீட்டு முகவர்

அதே ஹார்லெக்கில், கர்க்லாண்டில் வீடு விற்கும் முகவரான ஜெயக்குமார் உள்ளே புகுந்து ஒவ்வோர் அறையாக அளந்தார். சுவரைத் தட்டினார், ஜன்னலால் எட்டிப் பார்த்தார், அடுப்படி இருந்த இடத்தில் நின்று வெளிச்சம் போதாது என்றார். எட்வர்ட் ராசா இதைக் கட்டுவித்த கதையை நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாடிக்கையாளருக்குச் சொல்வது போலவே சொன்னார்.

"லொகேஷன் திறம், பேஸ்மென்ட் திறம். கூரைதான் புதுசாப் போட வேணும்."

காரெத்தும் தட்டை வடையும்

கார்னார்வனில் நான் எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு அண்ணையைப் பிடிக்கத் திரும்பி வந்தேன். வாங்கில் இப்போது இரண்டு பேர். காரெத்தும் அண்ணையும், நடுவில் பருத்தித்துறைத் தட்டை வடைப் பை. நீங்கள் இந்தக் கோட்டைக்குள் போனதில்லையா என்று காரெத்திடம் கேட்டேன். அவர் பக்கத்து ஊர்க்காரர், ஆனால் பள்ளிக்கூடத்தில் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போன ஒரு தடவையைத் தவிரப் போனதில்லை என்றார். இதை ஆங்கிலேய ராசா எங்களுக்காகக் கட்டவில்லை, எங்களை அடக்கி வைக்கக் கட்டினான் என்று வடையைக் கடித்தபடி சொன்னார். அண்ணைக்கு ஆங்கிலம் கொஞ்சம், பிரெஞ்சு அதைவிடக் கொஞ்சம். ஆனால் இது முழுக்க விளங்கிவிட்டது. காரெத்தின் தோளில் கையைப் போட்டார்.

"இவர் எங்கட ஆள்."

ரெஜினா அக்கா சொன்னது

அன்றைக்குப் பின்னேரம் தங்குமிடத்தில் ரெஜினா அக்காவிடம் நேரே கேட்டேன். அவர் கைப்பையில் மடித்து வைத்திருந்த என் நோட்டீசை எடுத்து மேசையில் விரித்தார். குருநகரில் அண்ணையின் வீடு இருந்த இடத்துக்குக் கோட்டை கிட்ட. சண்டை நாட்களில் கோட்டைக்குள் இருந்த ஆமியின் ஷெல் வரும். ஒரு நாள் வந்தது அவர்கள் வீட்டுக் கூரையில். உள்ளே சமைத்துக்கொண்டிருந்த அண்ணையின் தங்கச்சி போய்விட்டாள். அண்ணை கிணற்றடியில் நின்றதால் தப்பினார்.

 யாழ்ப்பாணக் கோட்டையை நினைவூட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதிய எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மன்னிப்புக் கேட்டேன். இனி அண்ணையை உள்ளே வரச் சொல்லிக் கேட்கமாட்டேன், முதலாளி வேல்ஸை மூடினால் மூடட்டும் என்றேன். அக்கா நோட்டீசைத் திரும்ப மடித்தார்.

"நீர் கேக்க வேண்டாம். நான் விடமாட்டன். இத்தனை வரியமா அந்தக் கோட்டை இவருக்குக் கனவில பெரிசாகிக்கொண்டு வருது. ஒருக்கா உள்ளுக்குப் போனால்தான் அது சின்னனாகும்."

கதவில்லாத ராசா

பியூமாரிஸில் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அண்ணைக்கு நல்ல வாங்காகப் பார்த்துக் கொடுத்து, பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஊற்றி வைத்துவிட்டு மற்றவர்களோடு போனேன். சுவருக்குள்ளே கட்டிய அந்தக் காலத்துக் கழிப்பறைகளைக் காட்டினேன். கல்லில் ஒரு இருக்கை, கீழே ஒரு துவாரம், எல்லாம் நேரே கீழே போகும். படைகளைப் பற்றிச் சொன்னபோது கொட்டாவி விட்டவர்கள் எல்லாரும் இதற்கு வரிசையில் நின்றார்கள். பரமேஸ்வரி அக்கா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாவம், ராசாவெண்டு பேர்தான். மறைப்புக்கு ஒரு கதவில்லை."

கொன்வியின் படிகள்

கடைசி நாள் கொன்வி. ஊர் மதிலும் கோட்டையும் ஒன்றாக ஒட்டி நிற்கும், கோபுரத்தடியிலேயே வீடுகள். ரெஜினா அக்காவுக்கு முழங்கால் வருத்தம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொரு கோட்டையிலும் கீழேயே நின்றவர். அன்றைக்கு என் கண்ணைத் தப்பி, சுழன்று ஏறும் கற்படியில் கோபுர உச்சிக்குப் போய்விட்டார். நான் மூச்சிரைக்க ஏறிப் பார்த்தால் ஓரத்தில் இருக்கிறார். கால் பிடித்துக்கொண்டது, இறங்க முடியாது, அவர் வந்தால்தான் இறங்குவேன் என்றார். என் தோள், ஜெயக்குமாரின் தோள், காவலாளியின் தோள் ஒன்றுமே வேண்டாமாம்.

கீழே ஓடினேன். அண்ணையிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அக்கா மேலே இருக்கிறார், நீங்கள் வந்தால்தான் இறங்குவாராம். அண்ணை வாங்கில் இருந்து எழும்பவில்லை. தேத்தண்ணிப் பிளாஸ்கை மூடினார், திறந்தார், பிறகும் மூடினார். பக்கத்தில் இருந்த காரெத் எழுந்து வாசல் பக்கம் நாலு அடி நடந்து நின்றார். அண்ணை சிலுவை போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனார். வாசல் வளைவுக்குள் தலையைக் குனிந்தார், குனியத் தேவையே இல்லாத உயரம் அது. படி முழுக்க ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி ஏறினார், இடையில் நிற்கவேயில்லை.

உச்சியில் காற்று. அக்காவுக்குக் கை கொடுக்கப் போன மனிதர் அப்படியே மதில் இடுக்கால் கீழே பார்த்தபடி நின்றுவிட்டார். கீழே சிலேட்டுக் கூரைகள், ஒரு சின்ன முற்றம், கொடியில் உடுப்புக் காயப்போடும் ஒரு பெண். அவள் ஒரு பிள்ளையின் சட்டையை உதறி, கிளிப் போட்டு, அடுத்ததை எடுத்தாள். அண்ணை அவள் உள்ளே போகும் வரை பார்த்தார்.  அண்ணை திரும்பாமலே சொன்னார்.

"இஞ்ச நிண்டால் சட்டையின்ர நிறமும் தெரியுது, பிள்ளை. அப்ப அவங்களுக்கு எங்களைத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

ரெஜினா அக்கா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார்.  பிறகு அக்கா எங்கள் எல்லோருக்கும் முன்னால், ஒரு நொண்டலும் இல்லாமல், அத்தனை படியும் இறங்கிப் போனார்.

முதலாளி முன்னால்

மொன்றியலுக்குத் திரும்பி ஒரு கிழமையில் சூசை அண்ணை மெத்ரோ பிடித்துத் தனியாகக் கந்தோருக்கு வந்தார். மற்றப் பதினைந்து பேரும் நல்லம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இவருடைய தாள் மட்டும்தான் வரவில்லை. முதலாளி கதிரை போட்டு இருத்தி, ஐந்து கோட்டைக்குப் போய் நாலுக்கு வெளியில் இருந்தீர்களாமே, வீண்தானே அண்ணை என்று கேட்டார். எனக்குச் சேலைக் கடை வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணை சட்டைப் பையில் இருந்து என் நோட்டீசை எடுத்து, தலைப்பில் விரலை வைத்தார்.

"வீணில்லை. ஆனால் இந்த ஒரு வரியை எடுங்கோ. அதுக்குப் பதிலா, ஒவ்வொரு வாசலிலயும் வாங்கு இருக்கு, உள்ளுக்குப் போறதும் போகாததும் உங்கட விருப்பம் எண்டு போடுங்கோ."

அப்படியே போட்டேன்; இப்போது வேல்ஸுக்கு இரண்டு பஸ் நிறைகிறது, போன் எடுப்பவர்களில் பாதிப் பேர் கோட்டைகளைப் பற்றி ஒன்றும் கேட்காமல் வாங்குக்கு நிழல் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.